ஊற்றுவதும் மாற்றுவதும்

எங்கள் தோட்டத்துப் பெற்றோர் சங்கத்தின் கணக்குப் புத்தகம் 2019ஆம் ஆண்டு தொட்டு என் கையிலேயே இருந்து வருகிறது. பல்கலைக்கழகத்தில் தமிழைச் சிறப்புப் பாடமாகப் பயின்று பட்டம் பெற்றவன். எழுத்து அழகாயிருக்கும், கணக்கும் ஒழுங்காயிருக்கும் என்று நம்பி அதை என்னிடம் ஒப்படைத்தார்கள். எழுத்து அழகாகத்தான் இருக்கிறது. அந்த அழகிய எழுத்தில், 2024ஆம் ஆண்டு ஆனி மாதக் கணக்கின் அடியில், "பிரேக் ஒயில் மாற்றும் வேலை பிற்போடப்பட்டது" என்றொரு வரி உண்டு. ஆவணி மாதக் கணக்கின் அடியிலும் அதே வரி உண்டு. இவ்விரு வரிகளைப் பற்றியே இங்கு எழுத விரும்புகிறேன்.

வட்டவளைக்கு மேலே, மலைச்சரிவில் இருக்கிறது எங்கள் தோட்டம். இலங்கையில் மிகுதியாக மழை பெய்யும் இடங்களுள் வட்டவளையும் ஒன்று. ஆண்டில் பாதி நாள் லயத்துச் சுவர்கள் வியர்த்துக் கிடக்கும். பெட்டியில் மடித்து வைத்த துணியும் பூசணம் பிடிக்கும். தோட்டத்திலிருந்து பிரதான வீதிக்கு இறங்கும் பாதை நாலு கட்டை தூரம். ஒரு புறம் மண்மேடு, மறு புறம் பள்ளம், அதன் அடியில் ஓடை. பஸ் அங்கே ஏறுவதில்லை. அட்டனில் நான் கற்பிக்கும் பாடசாலைக்கே எங்கள் தோட்டத்துப் பிள்ளைகளும் வருகிறார்கள். முன்பெல்லாம் விடியுமுன் எழுந்து, நடந்து இறங்கி, பஸ்ஸைப் பிடிப்பார்கள். மழைக்காலத்தில் பாதிப் பேர் வரமாட்டார்கள். நானும் அப்படி நடந்து படித்தவன்தான்.

அதனாற்றான் 2019இல் பெற்றோர் கூடிப் பணம் திரட்டி ஒரு வான் வாங்கினார்கள். 1984இல் செய்யப்பட்ட டொயோட்டா ஹையேஸ். என்னைவிட மூத்தது. ஓரிரு ஆண்டுகள் ஓட்டிவிட்டு விற்று, சற்றுப் புதியதாக ஒன்று வாங்கலாம் என்பதே அன்றைய எண்ணம். ஆனால் 2020 பங்குனியில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. அத்தடை 2025இன் தொடக்கம் வரை நீடித்தது. பழைய வாகனங்களின் விலையும் எட்டாத உயரத்துக்கு ஏறிற்று. 2022இல் எரிபொருளுக்கு வரிசையில் நின்றோம். உதிரிப் பாகங்களின் விலையைக் கேட்டு வாயடைத்தோம். நாட்கூலியோ 2021இல் 1000 ரூபாவாக இருந்து, 2024இல் 1350 ரூபாவாயிற்று. அதிலிருந்து மாதந்தோறும் வானுக்கென்று எடுத்து வைக்கும் ஒவ்வொரு ரூபாவும் ஒரு தாயின் கூடையிலிருந்து வருவது. அதை நான் அறியாதவனல்லன். என் தாயும் முப்பது ஆண்டுகள் கொழுந்து பறித்தவர்.

வானை ஓட்டுபவர் அறுபதைக் கடந்தவர். தோட்டத்துக் கொழுந்து லொறியில் கிளீனராகச் சேர்ந்து, சாரதியாகி, ஓய்வு பெற்றவர். பிள்ளைகளுக்கு அவர் 'டிரைவர் மாமா'. என்னை அரைக்காற்சட்டையோடு கண்டவராயினும், நான் ஆசிரியனான நாள்முதல் 'சேர்' என்றே அழைத்து வந்தார். வேண்டாமென்றாலும் கேட்கமாட்டார்.

2024 ஆனியில் ஒரு நாள் அவர் என்னிடம் வந்தார்.

"சேர், பிரேக் ஒயில் கறுத்துப் போச்சு. மாத்தி ரெண்டு வருசத்துக்கு மேல ஆகுது. மொத்தமா எறக்கிட்டுப் புதுசு ஏத்தணும். ஒரு லீட்டர் வேணும்."

புத்தகத்தைப் புரட்டினேன். டயர் இரண்டு தேய்ந்திருந்தன. வருமான வரிப் பத்திரத்துக்கும் காப்புறுதிக்கும் தவணை வந்திருந்தது. "கிண்ணத்தில் குறைந்திருக்கிறதா?" என்று கேட்டேன். "கொஞ்சம் கொறஞ்சிருக்கு" என்றார். "அப்படியானால் சின்னப் போத்தல் ஒன்று வாங்கி ஊற்றுவோம். மற்றதை அடுத்த மாதம் பார்ப்போம்" என்றேன். அவர் சற்று நேரம் நின்றார். ஏதோ சொல்ல வாயெடுத்தவர், சொல்லாமலே போய்விட்டார். ஆவணியிலும் வந்தார். அதே கேள்வி, அதே விடை. இம்முறை நானே அட்டனிற் போத்தல் வாங்கிவந்து, என் கையாலேயே கிண்ணத்தை நிரப்பினேன். இளமஞ்சள் நிறத்தில் அது மேற்கோடு வரை நிறைந்து நின்றதைக் கண்டபோது, ஒரு கடமையை நிறைவேற்றிய மனத்திருப்தி எனக்கு உண்டாயிற்று.

ஐப்பசியில் ஒரு காலை. இரவு முழுவதும் பெய்த மழை விட்டிருந்தது. பதினேழு பிள்ளைகளும் நானும் வானில் இருந்தோம். பாதை ஈரம், வளைவுக்கு வளைவு பிரேக்கை அழுத்தியபடியே இறங்கிக்கொண்டிருந்தோம். கீழிருந்து மூன்றாவது வளைவை அணுகியபோது, டிரைவர் மாமாவின் வலக்கால் ஓசையின்றித் தரைவரை போனதைக் கண்டேன். இரண்டாம் முறை மிதித்தார். மூன்றாம் முறையும் மிதித்தார். பஞ்சுப் பொதியை மிதிப்பது போல் மிதி உள்ளே போயிற்று, வான் நிற்கவில்லை. அவர் சத்தமிடவில்லை. மூன்றாம் கியரிலிருந்து இரண்டுக்கும், இரண்டிலிருந்து ஒன்றுக்கும் தள்ளினார். எஞ்சின் அலறிற்று. இடக்கையால் கைப் பிரேக்கைச் சிறிது சிறிதாக உயர்த்தியபடி, வானின் இடப்பக்கத்தை மண்மேட்டோடு உரசவிட்டார். தேயிலை மரமொன்றின் வேரிற் சில்லு முட்டி வான் நின்றது.

ஆறாந் தரத்துச் சிறுமி ஒருத்தியின் நெற்றி முன்னாசனத்துக் கம்பியில் மோதிப் புடைத்துவிட்டது. சாப்பாட்டுப் பெட்டிகள் சிதறிக் கிடந்தன. வேறு கேடில்லை. வலப்புறம் பார்த்தேன். பள்ளத்தின் அடியில் ஓடை நிறைந்து ஓடிக்கொண்டிருந்தது.

சுக்கானிலிருந்து கையை எடுத்தபோது அப்பெரியவரின் விரல்கள் நடுங்கின. என் பக்கம் திரும்பி, பல ஆண்டுகளுக்குப் பின் முதன்முறையாக என்னைத் 'தம்பி' என்று அழைத்தார்.

"தம்பி, மேல ஊத்துனா கீழ போகாதுன்னு அன்னைக்கே நான் சொல்லியிருக்கணும். வாய மூடிக்கிட்டு இருந்தது என் தப்பு."

அரை மணி நேரம் கழிந்திருக்கும். செய்தி கேட்டு ஓடி வந்த தந்தையருள் ஒருவர் ஏறி அமர்ந்து மிதியை அழுத்திப் பார்த்தார். அது கல்லைப் போல் இறுகி நின்றது. "இப்ப நல்லாத்தானே இருக்கு. மெதுவாப் போயிறலாம்" என்றார். எனக்கும் அந்த ஆசை எழாமலில்லை. முதற் பாடவேளை தவறிக்கொண்டிருந்தது. டிரைவர் மாமா ஒன்றும் பேசாமற் சாவியைக் கழற்றித் தம் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். நாங்கள் நடந்து இறங்கினோம்.

அந்த அரைமணி நேரத்தில் நிகழ்ந்தது என்ன என்பதை அவரிடமிருந்தும், விஞ்ஞானம் கற்பிக்கும் நண்பர் ஒருவரிடமிருந்தும் பின்னர் அறிந்துகொண்டேன். மிதியை அழுத்தும் காலின் விசையை நான்கு சில்லுகளுக்கும் கொண்டுசெல்வது ஒரு குழாயளவு திரவமேயாம். திரவம் நசுங்குவதில்லை, அடைபட்ட திரவத்தின் ஓரிடத்தில் ஏற்படும் அமுக்கம் எல்லாப் பக்கமும் குன்றாமற் பரவும். பிரெஞ்சு நாட்டுப் பஸ்கால் பதினேழாம் நூற்றாண்டிற் கண்ட உண்மை இது. நாம் 'ஒயில்' என்று அழைத்தாலும் அத்திரவம் எண்ணெயன்று. எண்ணெய் நீரோடு சேராது. இதுவோ நீரைத் தேடிக் குடிப்பது. கிண்ணத்தின் மூடியிலுள்ள காற்றுவழியாலும், றப்பர்க் குழாய்களின் சுவராலும் காற்றின் ஈரம் மெல்ல மெல்ல உட்புகும். உட்புகுந்த நீர் துளியாகத் திரண்டு ஒரு மூலையிற் கிடந்தால் இரும்பு துருப்பிடிக்கும். 100 பாகையிலேயே கொதித்தும் விடும். அதற்காகவே, வந்த நீரைத் தன்னுட் கரைத்து வைக்கும்படி அத்திரவத்தை ஆக்கியிருக்கிறார்கள். ஆனால் அக்குணத்துக்கும் ஓர் எல்லையுண்டு. எங்கள் வானுக்குரிய 'டொட் 3' என்னும் தரத்துத் திரவம் புதிதாயிருக்கையில் 205 பாகை செல்சியசுக்குக் கீழே கொதிக்கலாகாது என்பது விதி. நூற்றுக்கு 3.7 பங்கு நீர் சேர்ந்தபின் அவ்வெல்லை 140 பாகைக்கு இறங்கிவிடும். நீர் இன்னும் கூடினால் அது இன்னும் இறங்கும். நீண்ட இறக்கத்தில் ஓயாது பிரேக்கை அழுத்தினால் சில்லருகே வெப்பம் ஏறும்; திரவம் கொதிக்கும்; ஆவி உண்டாகும். ஆவி நசுங்கக்கூடியது. அப்போது காலின் விசை முழுவதும் அந்த ஆவியை நசுக்குவதிலேயே கழிந்துபோகும். சில்லு ஆறினால் ஆவி மீண்டும் திரவமாகும், மிதி இறுகும். எல்லாம் நலம் என்று தோன்றும். அதை நம்பி ஓட்டியிருந்தால், அடுத்த இறக்கத்தில் என்ன நேர்ந்திருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. கைப் பிரேக் மட்டும் அன்று உதவியது, அது திரவத்தை நம்பாமற் கம்பிவடத்தால் இழுக்கப்படுவது என்ற காரணத்தால்.

நான் ஊற்றிய புதுத் திரவம் என்னாயிற்று? அது கிண்ணத்திலேயே இருந்தது. எஞ்சின் ஒயிலைப் போலவோ, நமது இரத்தத்தைப் போலவோ பிரேக் திரவம் சுற்றியோடுவதில்லை. மிதிக்கும்போது மயிரிழை அளவு முன்னே நகரும். விட்டால் அவ்வளவே பின்னே வரும். ஆதலின் மேலே எத்தனை போத்தல் ஊற்றினாலும், சூடு ஏறும் இடமாகிய சில்லருகே கிடப்பது பழைய திரவமே. மேலும், கிண்ணத்தில் மட்டம் குறைவது பெரும்பாலும் பிரேக் கட்டைகள் தேய்ந்து வருவதன் அடையாளம். நிரப்பியதனால் நான் அந்த அடையாளத்தையும் அழித்தேன்.

அடுத்த ஞாயிறு, பெரட்டுக் களத்துச் சமதரையில் வானை நிறுத்திச் சில்லுகளுக்குக் கல் வைத்தோம். பணம் என் சம்பளத்திலிருந்து போயிற்று. அதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. டிரைவர் மாமா முதல்நாள் இரவே நான்கு சில்லுகளின் நிப்பிள்களிலும் துரு இளக எண்ணெய் விட்டிருந்தார். "அவசரப்பட்டுத் திருகுனா ஒடிஞ்சிரும். ஒடிஞ்சா சிலிண்டரையே மாத்தணும்" என்றார். மீன்தொட்டிக் கடையில் வாங்கிய ஒளிபுகும் குழாய், ஒரு ஜாம் போத்தல், ஒரு ரிங் ஸ்பனர், மூடி திறக்காத புதுப் போத்தல்கள் இரண்டு; ஆயுதங்கள் இவ்வளவே. பாதி மீந்து அலுமாரியிற் கிடந்த என் பழைய போத்தலை அவர் தொடவில்லை. திறந்து வைத்த போத்தலும் ஈரம் குடித்திருக்கும் என்றார்.

கிண்ணத்திலிருந்த பழையதை முதலில் உறிஞ்சி எடுத்துப் புதியதை நிரப்பினோம். கிண்ணம் வற்றாமற் பார்த்து ஊற்றும் பொறுப்பு பத்தாந் தரத்து மாணவன் ஒருவனுக்கு. மிதியை அழுத்தும் பொறுப்பு எனக்கு. மிதியின் கீழே ஒரு மரக்குற்றியை வைத்தார். "தரை வரைக்கும் மிதிக்காதீங்க சேர். பழைய மாஸ்டர் சிலிண்டர். கப்பு போகாத எடத்துல போனா கிழிஞ்சிரும்." மீண்டும் 'சேர்' ஆகிவிட்டேன்.

தொலைவிலுள்ள சில்லிலிருந்து தொடங்க வேண்டும் என்பது முறை. எங்கள் வானில் அது பின் இடச்சில்லு. அவர் வானின் கீழே மல்லாந்து புகுந்தார். குழாயின் ஒரு முனை நிப்பிளில்; மறு முனை போத்தலில், திரவத்துள் அமிழ்ந்து. நான் ஆசனத்தில் அமர்ந்தேன். அங்கிருந்து எனக்கு ஒன்றும் தெரியவில்லை. கீழிருந்து குரல் மட்டுமே வந்தது.

"அமத்துங்க... இன்னொரு தரம்... இன்னொரு தரம்... இப்பப் புடிச்சிக்கிங்க. விடாதீங்க."

அவர் நிப்பிளைத் திறந்ததும் என் காலின் கீழ் மிதி தானாக இறங்கிற்று. குற்றியில் முட்டியதும் "நின்றுவிட்டது" என்றேன். அவர் மூடினார். "ம், இப்ப விடுங்க." மூடுமுன் காலை எடுத்தால் வெளிக்காற்று உள்ளே இழுபடும். மூன்றாஞ் சுற்றில் நான் அதைத்தான் செய்தேன். அவர் வாய் திறக்குமுன் காலை எடுத்துவிட்டேன். குழாயில் குமிழிகள் மேலேறின. செய்ததெல்லாம் வீண். அவர் கோபிக்கவில்லை. "பரவாயில்ல, மறுபடியும் அமத்துங்க" என்றார். எத்தனையோ மாணவரைக் 'கவனி, கவனி' என்று அதட்டிய நான், அன்று ஒரு குரலுக்கு முழுமையாகச் செவிகொடுப்பது எவ்வளவு கடினம் என்பதைக் கற்றுக்கொண்டேன்.

போத்தலில் விழுந்த திரவத்தை எட்டிப் பார்த்தேன். நெடுநேரம் கொதித்த சாயத் தண்ணீரைப் போல் கறுத்திருந்தது, அடியில் மண்டி. நான் இருமுறை மேலே ஊற்றியும், இரண்டு மாதம் கழித்தும், சில்லருகே கிடந்தது இதுதான்! சுற்றுக்குப் பின் சுற்றாக அழுத்த, கறுப்பு கபிலமாகி, கபிலம் மங்கி, இளந்தேன் நிறத்தில் குமிழியின்றி வந்தபோது அவர் நிப்பிளை இறுக்கினார். பின் வலச்சில்லு, பிறகு முன் இடம், கடைசியாக முன் வலம். ஒரு துளி கதவிற் பட்டுவிட, உடனே தண்ணீர் விட்டுக் கழுவச் சொன்னார். அது வர்ணத்தைத் தின்னும். கழிவை ஓடைப் பக்கம் ஊற்றப் போன மாணவனைத் தடுத்து, மூடியிட்டு எடுத்து வைத்தார். அவ்வோடைத் தண்ணீரைத்தான் கீழ் லயத்தார் குடிக்கிறார்கள். பின்பு மிதியை அழுத்திப் பிடித்தபடி ஒரு நிமிடம் இருக்கச் சொன்னார். மிதி தாழவில்லை. களத்தில் மும்முறை ஓட்டிப் பார்த்த பிறகே சாவி மீண்டும் தன் இடத்துக்குப் போயிற்று. பகல் முழுவதும் செல்லவில்லை. மூன்று மணி நேர வேலை.

அன்று மாலை பிள்ளைக் காம்பராவிற் சங்கம் கூடியது. டிரைவர் மாமா கதவருகே தலை குனிந்து நின்றார். "வயசாயிருச்சு. கண்ணு கை ஓடுமா? ஆள மாத்துவோம்" என்றார் ஒருவர். வேறு சிலரும் தலையசைத்தார்கள். நிகழ்ந்தது என்ன என்று புத்தகத்தைப் பார்த்து வாசிக்கும்படி தலைவர் என்னைக் கேட்டார். வாசித்தேன். "பிரேக் ஒயில் மாற்றும் வேலை பிற்போடப்பட்டது."

நெற்றி புடைத்த சிறுமியின் தாய் பின்வரிசையில் இருந்தாள். மலையிலிருந்து நேரே வந்தவள். இடுப்பிற் கட்டிய படங்குச் சாக்கை இன்னும் அவிழ்த்திருக்கவில்லை.

"சேர், பிற்போடப்பட்டதுன்னா... யாரு போட்டது?"

செயப்பாட்டுவினையை நான் பதினோராந் தரத்துக்கு ஆண்டுதோறும் கற்பிக்கிறேன். செயப்படுபொருள் எழுவாயாக நிற்கும்; செய்தவன் 'ஆல்' உருபோடு பின்னே ஒதுங்குவான்; வேண்டாவிடின் மறைந்தே போகலாம். அந்த வரியை எழுதிய நாளில் நான் யாரையும் ஏமாற்ற எண்ணவில்லை. பேனா தானாகவே அப்படி எழுதிற்று. மறைந்துகொள்ள ஓரிடம் மொழியில் இருந்தது. படித்தவனாகையால் எனக்கு அது தெரிந்திருந்தது.

"நான்தான்" என்றேன். "அவர் இரண்டு முறை கேட்டார். நான் பணம் கொடுக்கவில்லை."

அவள் என்னை ஏசவுமில்லை, மன்னிக்கவுமில்லை. "அப்ப அதையும் எழுதுங்க" என்றாள்.

எழுதினேன். "பிரேக் ஒயில் மாற்றுவதற்குச் சாரதி இருமுறை பணம் கேட்டார். செயலாளர் கொடுக்கவில்லை." ஆளை மாற்றும் பேச்சு அத்தோடு நின்றது. வானை ஓட்டலாமா கூடாதா என்று தீர்மானிக்கும் உரிமை சாரதிக்கே உரியது, அவர் சாவியைப் பையிற் போட்டால் யாரும் கேள்வி கேட்கலாகாது என்று முடிவாயிற்று. பழுது பார்ப்பதற்கென மாதந்தோறும் ஒரு சிறு தொகையைத் தனிப் பத்தியில் ஒதுக்கவும் இணங்கினார்கள்.

பணம் இல்லாமையே காரணம் என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்ததுண்டு. அது பாதி உண்மை. அதே மாதத்தில் டயருக்கும் பத்திரத்துக்கும் பணம் இருந்தது. டயரின் தேய்வை எல்லாரும் காண்பார்கள். பத்திரத்தைப் பொலிசார் கேட்பார்கள். குழாய்க்குள்ளே கறுத்துப்போன திரவத்தை அறிந்தவர் வானின் கீழே படுக்கும் ஒருவரே. அவருடைய சொல்லுக்கு என் புத்தகத்தில் இடமிருக்கவில்லை. வறியவர்களின் பொருளில் மிச்சம் பிடிக்கும்போது, கண்ணுக்குத் தெரியாத இடத்திலேயே முதலிற் கைவைக்கிறோம். அதைச் சிக்கனம் என்றும் அழைக்கிறோம்.

1823ஆம் ஆண்டிலிருந்து கணக்கிட்டு, எம்மவர் மலையகத்துக்கு வந்து இருநூறு ஆண்டு நிறைந்ததென 2023இல் நினைவு கொண்டாடினோம். அந்த இருநூறு ஆண்டுகளில் எங்களுக்கு மேலே ஊற்றப்பட்டவை பல. லயத்தின் கூரைத் தகரம் மாறியிருக்கிறது, லயம் மாறவில்லை. முகப்பிற் புது வர்ணம் ஏறியிருக்கிறது. பின்பக்கச் சுவர் இன்னும் வியர்த்துக்கொண்டுதான் இருக்கிறது. ஒவ்வொரு முறையும் கிண்ணம் நிறைந்ததைக் கண்டு மகிழ்ந்தோர் உண்டு. அவர்களைக் குறைகூற எனக்குத் தகுதி உண்டோ என்று இப்போது ஐயுறுகிறேன். ஒரு சிறு வானின் விடயத்தில் நானும் அதையே செய்தேன். ஆனால் பழையதை அடியிலிருந்து வெளியேற்றாமற் புதியது சில்லுக்குச் சென்று சேராது என்பதையும், அவ்வேலைக்கு மேலே ஒருவரும் கீழே ஒருவரும் வேண்டும், கீழே இருப்பவரின் குரலுக்கே மேலே இருப்பவர் செவிகொடுக்க வேண்டும் என்பதையும் இன்று நான் அறிவேன்.

கணக்குப் புத்தகம் இன்னும் என்னிடமே இருக்கிறது. மாற்றிவிடுங்கள் என்று கேட்டேன். அத்தாய் முதலானோர் சம்மதிக்கவில்லை. அதன் கடைசிப் பக்கத்தில் அடுத்த தவணையை முன்கூட்டியே குறித்து வைத்திருக்கிறேன்: "2026 ஐப்பசி: பிரேக் ஒயில் முழுவதையும் மாற்ற வேண்டும். செயலாளர் பணம் கொடுப்பார். சாரதி மாற்றுவார். மிதியைச் செயலாளர் அழுத்துவார்."

செய்பவர் யாவரென்பது அவ்வரிகளில் இருக்கிறது.